முன்சீப் ஆன மகளுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று இரவு போனில், "வரப்புத் தகராறும் வாடகைப் பாக்கியும் கேட்டே என் காலம் போய்விடும் போலிருக்கிறது, அப்பா" என்றாய். அதன் பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நேரில் பேசினால் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

பாத்திமா பீவியைத் தேர்வுக்குப் படித்திருப்பாய். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி, 1989. பொது அறிவுப் புத்தகங்கள் அந்த ஒரு வரியோடு அவரை விட்டுவிடுகின்றன. எனக்கோ அதற்கு முந்தைய வருடங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. பத்தனம்திட்டாவில் பிறந்தவர். அறிவியல் படித்த மகளைச் சட்டம் படிக்கச் சொன்னவர் அவருடைய தந்தை. அன்னா சாண்டி என்ற பெண்மணி திருவிதாங்கூரில் 1937-லேயே, சிவில் நீதிபதிகளில் முதல் படியான முன்சீப் ஆகிவிட்டதைக் கண்ட மனிதர் அவர். உன்னைச் சட்டக் கல்லூரியில் சேர்த்த அன்று எனக்கு அவர் நினைவுதான்.

1950-ல் வழக்கறிஞராகப் பதிந்து, கொல்லத்தில் தொழில் தொடங்கி, 1958-ல் முன்சீப் ஆனார். அதற்கு அடுத்த படியான சார்பு நீதிபதி ஆனது 1968-ல். பத்து வருடம், பாப்பா! எந்த ஊர் முன்சீப் கோர்ட்டுக்கும் வருவது இதே வரப்பும் பாதையும் கடன் பத்திரமும்தான். பிறகு 1974-ல் மாவட்ட நீதிபதி, 1983-ல் கேரள உயர் நீதிமன்றம். 1989 ஏப்ரலில் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போய்விட்டவரை அக்டோபரில் டெல்லி அழைத்தது. உச்ச நீதிமன்றம் தொடங்கி 39 ஆண்டுகள் கழித்து!

நம் மாநில ஆளுநராக அவர் இருந்ததையும் நான் மறைக்கவில்லை. 2001-ல், தண்டனை பெற்றுத் தேர்தலில் நிற்க முடியாமலிருந்த ஜெயலலிதாவை முதல்வராக நியமித்தார். அந்த நியமனம் செல்லாது என்று, அவர் நீதிபதியாக அமர்ந்திருந்த அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்கு அது இன்றும் வருத்தம். ஆனால் அந்தப் பத்து வருடத்தின் மேல் நான் வைத்திருக்கும் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.

முப்பது வருடம் பெஞ்ச் கிளார்க்காக நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவன் நான். இரண்டடிப் பாதைக்காக ஒரு பாட்டி ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு பஸ் மாறி வருவார். கையில் தூக்குவாளியில் கஞ்சி இருக்கும். நீதிபதி போடும் அடுத்த தேதியை அவருக்குச் சொல்வது என் வேலை. பதினோரு வருடம் சொன்னேன். தீர்ப்பு வந்த அன்று நகல் வாங்க வந்தவன் அவருடைய பேரன். பாட்டி போன தை மாதமே போய்விட்டாராம்.

உன் கோர்ட்டில் இருக்கும் வழக்குக் கட்டுகளில் மிகப் பழையது எந்த வருடத்தியது? திங்கட்கிழமை எடுத்துவரச் சொல்லிப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. அம்மா பருப்புப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள், தனியாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா