பாதியில் அறுந்த பாட்டு: குன்னூர் மெய்டன் கூட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்களே, தம்பிகளே, மாப்பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை பெட்ஃபோர்டு டீக்கடையில் நாம் அடித்த கூத்தை ஊரே பார்த்தது. அருவங்காட்டு அண்ணன் டம்ளரை மேஜையில் ஓங்கி வைத்ததில் டீ தெறித்து, பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவரின் வேட்டியில் விழுந்தது. "என்ன தம்பி, கட்சிச் சண்டையா?" என்று கேட்டார். அயர்ன் மெய்டன் என்று இங்கிலாந்தில் ஒரு பாட்டுக் குழு, 1992க்கு அப்புறம் அவர்கள் போட்ட ஆல்பங்கள் தேறுமா தேறாதா என்பதுதான் தகராறு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "சொத்துப் பிரச்சினைங்க" என்று சொல்லி வைத்தேன். நம்பிவிட்டார். பாகப்பிரிவினையில் விட்டுக்கொடுத்துப் போகச் சொல்லி அரை மணி நேரம் எனக்கு அறிவுரை வேறு.

அன்றையிலிருந்து கோத்தகிரித் தம்பி யார் போனையும் எடுப்பதில்லை. கேத்தி மாப்பிள்ளை என் கடைப் பக்கமே தலைகாட்டுவதில்லை. ரிப்பேருக்குக் கொடுத்திருந்த ஆம்ப்ளிஃபயரைக்கூடப் பையனை அனுப்பி வாங்கிக்கொண்டான். (கூலி பாக்கி இருக்கிறது. அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.) நேரில் பேசினால் யாரும் யாரையும் முடிக்க விடுவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். படிக்கிற நேரத்திலாவது குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

சண்டை எங்கே தொடங்கியது என்பதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். 2025 மே 27ஆம் தேதி புடாபெஸ்டில் மெய்டன் தங்கள் ஐம்பதாம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தைத் தொடங்கினார்கள். 1980ல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து 1992ல் வந்த ஒன்பதாவது ஆல்பம் வரைக்கும் உள்ள பாட்டுகள் மட்டும்தான், அதற்கு இந்தப் பக்கம் ஒன்றுகூடக் கிடையாது. 1992 வரை வந்ததுதான் மெய்டன் என்கிற பழைய கட்சிக்கு இது போதாதா? "பார்த்தியா, எது சரக்கு எது சக்கைன்னு அவங்களுக்கே தெரியுது" என்றார் அண்ணன். புதுக் கட்சி விடுமா? தம்பி 2023க்குப் போனான். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் நடந்த பயணத்தில் பதினைந்து பாட்டில் ஐந்து, 2021ல் வந்த சென்ஜுட்சு ஆல்பத்திலிருந்து. பேர்போன நம்பர் ஆஃப் தி பீஸ்ட் பாட்டு இல்லை, ஹாலோட் பீ தை நேம் இல்லை, ரன் டு தி ஹில்ஸும் இல்லை. அதற்குப் பதிலாக 1986ல் ரெக்கார்டு செய்து ஒருமுறைகூட மேடை ஏறாத அலெக்ஸாண்டர் தி கிரேட் பாட்டை முப்பத்தேழு வருஷம் கழித்து எடுத்தார்கள். "இதுக்குப் பேர்தான் தில்லு" என்றான் தம்பி. அதற்கு அண்ணன், "ஏன், 2006ல புது ஆல்பத்தை முழுசா முதல் பாட்டுலருந்து கடைசிப் பாட்டு வரை வாசிச்சாங்களே, காசு குடுத்து வந்தவன் தலையில கை வெச்சானே, அதையும் சொல்லு" என்றார். அந்த இடத்தில்தான் டம்ளர்.

சரி. நான் கேட்கிறது ஒன்றுதான். நீங்கள் சொன்ன இந்த மூன்று பாட்டு வரிசையில் எது நம் ஊர் மேடைக்கு வந்தது?

மெய்டன் இந்தியாவுக்கு வந்தது மூன்றே தடவை. 2007 மார்ச்சில் பெங்களூர், 2008 பிப்ரவரியில் மும்பை, 2009 பிப்ரவரியில் மறுபடி பெங்களூர். அதோடு சரி. புடாபெஸ்டில் என்ன வாசித்தார்கள், வாசிக்கவில்லை என்பதற்காகக் குன்னூரில் வேட்டி நனைகிறது. புடாபெஸ்ட்காரன் சண்டை போட்டால் நியாயம், அவன் டிக்கெட் வாங்கியவன். நாம் சாப்பிடாத கல்யாணத்தில் உப்பு கூட, குறைய என்று அடித்துக்கொள்கிறோம்.

நமக்கு என்றைக்கும் வந்து சேர்ந்தது ஆல்பம்தான். அதுவும் எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

1991ல் நான் பிளஸ் ஒன். கோயம்புத்தூரில் ஒரு ரெக்கார்டிங் கடையில் டிடிகே 90 கேசட் ஒன்று கொடுத்து, ஒரு பக்கம் பீஸ் ஆஃப் மைண்ட், மறுபக்கம் பவர்ஸ்லேவ் பதிந்து வாங்கினேன். கடைக்காரர் பாட்டுப் பெயர்களை நீல மையில், கூட்டெழுத்தில், பாதி தப்பாக எழுதிக் கொடுத்தார். முதல் பக்கம் நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி அடங்கிவிட்டது. பவர்ஸ்லேவ் ஐம்பத்தோரு நிமிஷம். கேசட் எங்கே போகும்? கடைசிப் பாட்டு ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மாரினர், பதின்மூன்றரை நிமிஷத்துக்கும் மேல். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1798ல் வெளியிட்ட நெடும்பாட்டைக் கொண்டு, குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிற ஸ்டீவ் ஹாரிஸ் எழுதியது. கடல்பறவையை அம்பெய்து கொன்ற மாலுமி, காற்று நின்று நடுக்கடலில் அசையாமல் கிடக்கிற கப்பல், ஒவ்வொருவராகச் செத்து விழுகிற கூட்டாளிகள். கிட்டாரும் டிரம்ஸும் அடங்கி, பேஸ் மட்டும் மெதுவாக நடக்க, கப்பல் கயிறு முறுகுகிற சத்தம் வரும். ஒரு கனத்த குரல் கோல்ரிட்ஜின் வரிகளைப் படிக்கும். அதை ஒட்டி எங்கேயோ 'டக்'. ப்ளே பட்டன் மேலே வந்துவிடும்.

எட்டு வருஷம் அந்த மாலுமி எனக்காக நடுக்கடலில் நின்றான். ஜூலை மழையில் கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். பேனாவை விட்டுச் சுற்றிச் சுற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு ஜாண் ஒரு ஜாணாகத் துடைப்பேன். அந்தக் கடைசி ஜாணுக்கு மட்டும் கூடுதல் மரியாதை. 1999ல் ஒரு சிடி கையில் கிடைத்தபோதுதான் மீதியைக் கேட்டேன். மழை பெய்வதும், கழுத்தில் கட்டிய பறவை கழன்று கடலில் விழுவதும், சாபம் தீர்வதும் எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ராத்திரி பதினொன்றரை மணிக்கு எழுந்து நின்று கத்தினேன். அம்மா கரடி வந்துவிட்டது என்று நினைத்து டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன்? பழைய கட்சி சொல்கிற முதல் குற்றச்சாட்டு, புதுப் பாட்டெல்லாம் இழுவை என்பது. அண்ணா, உங்கள் போன் ரிங்டோனே ரைம்தான். பதின்மூன்று நிமிஷப் பாட்டை மெய்டன் 1984லேயே போட்டுவிட்டார்கள். நீளம் அப்போது இனித்து இப்போது கசக்கிறது என்றால், நீங்கள் சென்ஜுட்சுவை எப்படிக் கேட்டீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். எனக்குத் தெரியும், கூட இருந்தேன். மேட்டுப்பாளையம் போகிற வழியில், காரில், பர்லியாறு வருவதற்குள் நான்கு பாட்டைத் தள்ளிவிட்டீர்கள். என்னுடையதை நாடா பற்றாமல் கேசட் அறுத்தது. உங்களுடையதை விரல் அறுக்கிறது.

அதற்காகப் புதுக் கட்சி காலரைத் தூக்க வேண்டாம். சென்ஜுட்சுவில் குறை இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். எண்பத்திரண்டு நிமிஷம், இரண்டு சிடி. கடைசி மூன்று பாட்டும் ஹாரிஸ் தனியாக எழுதியவை, ஒவ்வொன்றும் பத்து நிமிஷத்தைத் தாண்டும். மூன்றும் மெதுவாகத் தொடங்கி, ஊரைச் சுற்றி வந்து, தொடங்கின இடத்திலேயே மெதுவாக உட்காரும். அதில் ஒன்றான டெத் ஆஃப் தி கெல்ட்ஸ், 1998ல் வந்த கிளான்ஸ்மேன் பாட்டுக்குப் பங்காளி முறை. முகம் அப்படியே இருக்கிறது. ஒலிப்பதிவைப் பற்றி ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக்காக ஒரு வார்த்தை: 1999லிருந்து மூன்று கிட்டார் வைத்திருக்கிறார்கள், ஆனால் இந்த ஆல்பத்தில் அந்த மூன்றும் லேம்ப்ஸ் ராக் மூடுபனியில் நிற்கிற மூன்று தைல மரம் மாதிரித்தான். இருக்கிறது என்று தெரியும், எது எது என்று தெரியாது. ஹெட்போனில் இன்னும் மோசம். நல்ல ஸ்பீக்கரில், ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றி, இடமும் வலமும் தள்ளி வைத்துக் கேட்டால் பிரிந்து வருகிறது. அப்படிக் கேட்டபோதுதான் கடைசிப் பாட்டு ஹெல் ஆன் எர்த் எனக்குப் பிடிபட்டது. ஆறேழு தடவைக்கு அப்புறம். இப்போது என் கணக்கில் அவர்களுடைய தலைசிறந்த ஐந்தில் ஒன்று. அண்ணன் சிரிக்கட்டும்.

2015ல் வந்த புக் ஆஃப் சோல்ஸையும் சக்கை என்றீர்கள். அதில் கடைசிப் பாட்டு எம்பயர் ஆஃப் தி கிளவுட்ஸ், பதினெட்டு நிமிஷம், பாடகர் புரூஸ் டிக்கின்சன் பியானோவில் உட்கார்ந்து எழுதியது. ஆர் 101 என்ற ஆகாயக் கப்பலின் கதை. 1930 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, பிரான்சில் போவே ஊருக்குப் பக்கத்தில் மழைக்காற்றில் விழுந்து எரிந்தது. ஐம்பத்து நான்கு பேரில் நாற்பத்தெட்டு பேர் போய்விட்டார்கள். அது எங்கே போகக் கிளம்பியது தெரியுமா? இந்தியாவுக்கு, அன்றைய இந்தியாவின் கராச்சிக்கு. கிளம்பி வந்து சேராத கப்பல். மெய்டன் அடுத்து எப்போது வருவார்கள் என்று வருஷம் வருஷம் பார்த்துக்கொண்டிருக்கிற நம்மைத் தவிர அந்தப் பாட்டுக்கு வேறு எந்த ரசிகன் பொருத்தம்? அந்த ஆல்பத்தைப் பதிந்து முடித்த கையோடு புரூஸுக்கு நாக்கின் பின்பகுதியில் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை முடிந்து 2016ல் மேடைக்கு வந்துவிட்டார்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். டிரம்மர் நிக்கோ மெக்பிரைனைப் பற்றி அன்றைக்கு "கிழவன் வேகம் போயிடுச்சு" என்று ஒரு குரல் வந்தது. யார் என்று சொல்லவில்லை, சொன்னவருக்குத் தெரியும். 2023 ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம். வலப் பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வயது எழுபது. அதே வருஷம் மே மாசம் மேடையில் உட்கார்ந்தார். என் அப்பாவுக்கு அதே வியாதி வந்தபோது டீ டம்ளரை வலது கையால் பிடித்துத் தூக்க ஏழு மாசம் ஆனது. தூக்கின அன்று வீட்டில் கேசரி கிண்டினோம். சில இடங்களில் அடியைக் குறைத்துக்கொண்டுதான் நிக்கோ வாசித்தார், கேட்டால் தெரிகிறது. அப்படியே இரண்டு வருஷப் பயணத்தை முடித்து, 2024 டிசம்பர் 7ஆம் தேதி சாவோ பாலோவில் கடைசியாக வாசித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இப்போது அந்த இடத்தில் சைமன் டாசன். வேகம் வேண்டுமென்றால் அவரைக் கேளுங்கள், நன்றாகத்தான் வாசிக்கிறார்.

ரன் டு தி ஹில்ஸைப் பற்றி ஒரு சின்ன விஷயம், சண்டைக்குச் சம்பந்தம் இல்லாதது. மலைக்காரர்கள் என்பதால் அது 'நம்ம பாட்டு' என்று வருஷம் பூராவும் கத்துகிறோம். அது வெள்ளைக்காரர்கள் அமெரிக்கப் பூர்வகுடிகளைத் துரத்தின கதை. வெள்ளைக்காரக் கலெக்டர் சல்லிவன் 1822ல் கல் பங்களா கட்டின இந்த நீலகிரி மலையில் உட்கார்ந்துகொண்டு, அதில் நாம் ஓடுகிற ஆளா துரத்துகிற ஆளா என்பதைக் கொஞ்சம் யோசித்துக் கத்தலாம். நம்மில் ஒவ்வொருவருக்கும் பதில் வேறாக இருக்கும்.

கடைசியாக என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். 2007, என் பழைய ஆம்னி வேனில் ஆறு பேர், கல்லட்டி இறங்கி, தெப்பக்காட்டில் யானை வழிவிடக் காத்து நின்று, குண்டல்பேட், மைசூர் வழியாகப் பெங்களூர் அரண்மனை மைதானம். திரும்பும்போது ராத்திரியோடு ராத்திரியாகப் பந்திப்பூர் காட்டைக் கடந்தோம். இப்போது ஒன்பது மணிக்கு மேல் அந்தப் பாதையில் விடமாட்டார்கள். டிரைவர் நான் என்பதால் தூங்காமல் இருக்க ஆளுக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தீர்கள். அதில் ஒரு பாட்டு எனக்குப் பிடிபடவில்லை. "இன்னைக்கு வாசிச்சாங்களேப்பா, நீ எங்க போன?" என்றான் கேத்தி மாப்பிள்ளை. தண்ணீர் வாங்கப் போயிருந்தேன். மேடையில் புது ஆல்பத்துப் பாட்டு ஒன்றைத் தொடங்கினதும், "இது புதுசு, இப்ப போனா வரிசை கம்மியா இருக்கும்" என்று நானேதான் கிளம்பினேன். ஒன்பது நிமிஷம் போல வரிசையில் நின்றேன், முதுகைக் காட்டிக்கொண்டு. பாட்டு பின்னால் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, காதில் வாங்கவில்லை. வாழ்க்கையில் மெய்டனை நேரில் பார்த்தது அந்த ஒரு ராத்திரிதான். 2009ல் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார், போக முடியவில்லை. அந்தத் தண்ணீர் பாட்டில் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை, ராத்திரி ஏழு மணி, என் கடை மாடி. விளக்கு அணைக்கப்படும். 2025ல் தொடங்கின பயணத்தில் ரசிகர்களைப் போனைப் பையில் வைக்கச் சொல்லி மெய்டன் தரப்பே கேட்டுக்கொண்டார்களே, அதே சட்டம் இங்கேயும். போன்கள் எல்லாம் வறுக்கி பிஸ்கட் டின்னுக்குள் போகும், வறுக்கி வெளியே வரும். முதலில் என் டிடிகே கேசட், பவர்ஸ்லேவ் பக்கம், அறுகிற இடம் வரைக்கும். அது பழைய கட்சிக்கு. 'டக்' என்றதும் எழுந்திருக்காமல் சென்ஜுட்சு, முதல் பாட்டிலிருந்து கடைசி வரை, யாரும் எதையும் தள்ளக் கூடாது. அதற்கப்புறம் திட்டுங்கள், காலை வரைக்கும் கேட்கிறேன். கரண்ட் போனால் கவலை வேண்டாம், இன்வர்ட்டரில் எண்பத்திரண்டு நிமிஷம் ஓடுகிறதா என்று நேற்றே ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள், மாடியில் ஜன்னல் சரியாக மூடாது. அருவங்காட்டு அண்ணன் எவர்சில்வர் டம்ளர் கொண்டு வரக் கூடாது.

கேத்தி மாப்பிள்ளை மட்டும் அரை மணி முன்னாடி வரவும். உன் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வா. என்னுடையதில் வலது சேனல் போய்விட்டது, ஸ்பேர் வரப் பத்து நாள் ஆகும். கூலியை அதில் கழித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மவுண்ட் ரோடு ஆம்ப்ளிஃபயர் கடைக்காரன்,
குன்னூர்