சமர்கந்திலிருந்து வாப்பா

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வாப்பாவும் உம்மாவும் சுகம். உம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் ரெகிஸ்தான் மைதானத்தை இரண்டு முறை சுற்றிவிட்டாள். ஷேர்தோர் மத்ரஸா வாசலில் புலி, அதன் முதுகில் மனித முகத்தோடு சூரியன்! நம்ம ஆலிம்சா பார்த்தால் என்ன சொல்வாரோ. மகன் அனுப்பி வைத்தான் என்று குழுவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மாசம் ஒன்றாம் தேதி பணம் தவறாமல் வருகிறது. பெருநாளைக்குத்தான் போன் வரவில்லை. வேலை இருந்திருக்கும். வேளைக்குச் சாப்பிடு.

இங்கே ரொட்டி வட்டமாக, கையில் எடுத்தால் கனக்கிறது. நடுவில் ஆணிக்கட்டையால் பூப்போலக் குத்தியிருக்கிறார்கள். தூரதேசம் போகிற மகன் அதில் ஒரு கடி கடித்துவிட்டுப் போவானாம். அவன் திரும்பி வரும்வரை மீதியைச் சுவரில் மாட்டி வைப்பார்களாம். உம்மா ஒன்று வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நேற்று கூர் அமீர் கல்லறை மண்டபத்துக்குப் போனோம். கரும்பச்சைக் கல்லுக்குக் கீழே தைமூர். அவர் காலடியில் பேரர் உலுக் பேக், 1018 நட்சத்திரங்களுக்கு அட்டவணை போட்ட ராஜா. 1448இல் ஹெராத் பக்கத்தில் நடந்த போரில் அவருடைய மூத்த மகன் அப்துல் லத்தீப் நன்றாகச் சண்டை போட்டிருக்கிறான். வெற்றி அறிவிப்போ இளையவன் அப்துல் அஜீஸ் பெயரில் போயிருக்கிறது. அடுத்த வருஷமே மூத்தவன் தகப்பன்மேல் படையெடுத்தான். தோற்ற தகப்பன் ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். வழியிலேயே ஆள் வைத்து வெட்டிவிட்டான். 1941இல் கப்ரைத் திறந்தபோது தலை தனியாகக் கிடந்ததாம். பெற்றவரைக் கொன்ற பாவி என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு அந்த அறிவிப்பைத் தாண்டி எதுவும் ஓடவில்லை.

கடைத் திறப்பு அட்டையில் உன் பெயர் விட்டுப்போனதற்கு அச்சகத்துக்காரரைக் குற்றம் சொன்னேன் அல்லவா? அவர் மேல் தப்பில்லை. "மூத்தவர் பேர் வேண்டாமா பாய்?" என்று கேட்கத்தான் செய்தார். ஊரில் இருக்கிறவன் பேர் போதும் என்று நான்தான் சொன்னேன். மூன்று வருஷம் நீ அனுப்பிய பணம் அது. தம்பிக்கும் இது தெரியாது, உம்மாவுக்கும் தெரியாது.

நாளை இமாம் புகாரி ஜியாரத். வியாழக்கிழமை ஊரில் இருப்போம். வெயிலில் அலையாதே. வேளைக்குச் சாப்பிடு. என்னோடு பேச வேண்டாம் என்றால் உம்மாவிடமாவது இரண்டு வார்த்தை பேசு.

வாப்பா