ஏலத்தோட்ட மருந்தடிப்பும் அட்ரோபின் ஊசியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏலத்தோட்டத்தில் மருந்தடித்தபோது மயங்கி விழுந்த தொழிலாளி ஒருவரைப் பற்றித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வெளியான செய்தியைப் படித்தேன். ஊசி மேல் ஊசியாகப் போட்டதால்தான் அவர் பிதற்றத் தொடங்கினார் என்று உறவினர்கள் கூறியதை வெளியிட்ட நிருபர், அது என்ன ஊசி, ஏன் அத்தனை முறை போட்டார்கள் என்று மருத்துவர் ஒருவரிடம் கேட்டு இரண்டு வரி சேர்த்திருக்கலாம். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியலில் ஜீப் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குப் போய்வரும் குடும்பங்கள் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, பூச்சிமருந்துக்கு அஞ்சுவதைவிட அந்த ஊசிக்கு அதிகம் அஞ்சக்கூடும். அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், பூச்சிமருந்து விஷத்துக்குப் போடப்படும் அட்ரோபின் என்ற அந்த ஊசியைப் பற்றிச் சில விளக்கங்களை எழுதுகிறேன்.

நம் விருப்பத்தைக் கேளாமல் இதயத் துடிப்பை மட்டுப்படுத்துவதும், உமிழ்நீரையும் மூச்சுக்குழாய்ச் சளியையும் சுரக்கச் செய்வதும், குடலை இயக்குவதும், கண்மணியைச் சுருக்குவதும் பாராசிம்பதெடிக் எனப்படும் எதிர்ப்பரிவு நரம்பு மண்டலத்தின் வேலைகள். அந்த நரம்பின் முனையில் சுரக்கும் ஒரு வேதிப்பொருள்தான் உறுப்புக்குச் செய்தியைக் கொண்டுபோகிறது என்பதை, ஒரு தவளையின் இதயத்தை நனைத்த திரவத்தால் மற்றொரு தவளையின் இதயத் துடிப்பைக் குறைத்துக் காட்டி 1921இல் ஓட்டோ லோவி நிறுவினார். 1936இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். அசிட்டைல்கோலின் என்ற அந்தப் பொருள் தன் வேலையை முடித்ததும் அதைச் சிதைக்க ஒரு நொதி இருக்கிறது. குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் முதலிய ஆர்கனோபாஸ்பேட் இனப் பூச்சிமருந்துகள் அந்த நொதியைத்தான் முடக்குகின்றன. அறுவை சிகிச்சையின் முடிவில் மயக்கவியல் மருத்துவர் கொடுக்கும் நியோஸ்டிக்மினும் இதே நொதியைத்தான் தடுக்கிறது. ஆனால் அது அளவோடு தரப்படுவது, சில மணி நேரத்தில் தானாகவே விட்டுவிடுவது. பூச்சிமருந்தோ தானாக எளிதில் விடாது. அசிட்டைல்கோலின் சிதையாமல் பெருகப் பெருக, வாயில் நீர் வழிகிறது, கண்மணி சுருங்குகிறது, வயிற்றுப்போக்கு உண்டாகிறது, துடிப்பு தளர்கிறது. எல்லாவற்றையும்விட ஆபத்தாக, நுரையீரலில் சளி நிறைந்து மூச்சை அடைக்கிறது.

இந்த இடத்தில்தான் அட்ரோபின் தேவைப்படுகிறது. அது விஷத்தை அழிப்பதில்லை, நொதியை மீட்பதுமில்லை. பேருந்து இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல், அசிட்டைல்கோலின் வந்து அமர வேண்டிய ஏற்பிகளில் முந்திக்கொண்டு அமர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். கூட்டம் பெருத்திருந்தால் துண்டுகளும் நிறைய வேண்டும். நம் மருத்துவமனைகளில் கிடைக்கும் ஓர் ஆம்பியூலில், அதாவது சிறு கண்ணாடிக் குப்பியில், பெரும்பாலும் 0.6 மில்லிகிராம் அட்ரோபின் இருக்கும். முதலில் மூன்று ஆம்பியூல் செலுத்தி, நெஞ்சில் சளி ஒலி குறையாவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது நடைமுறை. மூன்று, ஆறு, பன்னிரண்டு, இருபத்து நான்கு என்று கால் மணி நேரத்தில் 45 ஆம்பியூல் செலவாகிவிடலாம். உறவினர் கண்ணுக்கு இது ஊசி மேல் ஊசிதான். மருத்துவருக்கோ நுரையீரல் தெளியும்வரை நிறுத்த முடியாத சிகிச்சை. அலமாரியில் பத்து ஆம்பியூல் மட்டுமே வைத்திருக்கும் ஒரு சிறிய மருத்துவமனை, கையிலிருப்பதைச் செலுத்தாமலேயே நோயாளியை மலையிலிருந்து இறக்கி அனுப்புவதுதான் என் பார்வையில் உண்மையான குறை. செய்தியாக வேண்டியதும் அதுவே.

உறவினர் சொன்னதில் உண்மையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அட்ரோபின் தேவைக்கு மிஞ்சினால் உடல் சுடும், தோல் வறளும், குடல் இயக்கம் நின்றுவிடும், நோயாளி காற்றில் எதையோ பிடிக்க முயன்று பிதற்றுவார். இந்த அறிகுறிகள் தெரிந்ததும் மருத்துவர்கள் மருந்தை நிறுத்திவைத்து, பிறகு குறைந்த அளவில் மீண்டும் தொடங்குவார்கள். ஊமத்தை தின்றவருக்கு வரும் பித்தும் இதே இனத்தைச் சேர்ந்த வேதிப்பொருள்களால் வருவதுதான். (அதற்காக ஊமத்தையை அரைத்துப் புகட்டலாம் என்று எவரேனும் நினைத்தால், அது இரண்டாவது விஷத்தையும் சேர்த்துக் கொடுப்பதாகும்.)

அட்ரோபினுக்கு எட்டாத ஓர் இடமும் உண்டு. கை, கால், கழுத்து, மூச்சுத் தசைகளை இயக்கும் நரம்பு முனைகளிலும் அசிட்டைல்கோலின்தான் செய்தி சொல்கிறது. அங்குள்ள ஏற்பிகள் வேறு வகை என்பதால் அட்ரோபின் அவற்றில் அமராது. வாய் உலர்ந்து, பேச்சு தெளிந்து, கஞ்சி குடிக்கத் தொடங்கிய ஒருவருக்கு, ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாத தளர்ச்சி வந்து, மூச்சுத் தசைகளும் சோர்ந்துவிடலாம். அப்போது செயற்கைச் சுவாசக் கருவிதான் காக்கும். நன்றாகிவிட்டார் என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்துச் செல்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நொதியை விடுவிக்க முயலும் பிராலிடாக்சிம் என்ற ஊசியால் எந்த அளவுக்குப் பலன் கிடைக்கிறது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அதைக் கொடுப்பதென்றால் காலம் முக்கியம். மோனோகுரோட்டோபாஸ் வகையில் சில மணி நேரத்திலேயே நொதி மீட்க முடியாதபடி இறுகத் தொடங்கிவிடும். குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் வகையில் ஒரு நாளுக்கும் மேல் அவகாசம் உண்டு. எண்டோசல்பான் தெளிப்பால் கேரளத்தின் காசர்கோட்டில் நேர்ந்த துயரத்துக்குப் பிறகு நம் பக்கத்தில் எல்லாப் பூச்சிமருந்தையும் எண்டோசல்பான் என்றே சொல்லிவிடுகிறார்கள். அது ஆர்கனோகுளோரின் இனம், இந்த நொதியைத் தொடுவதில்லை, அதற்கு அட்ரோபின் மாற்று மருந்தும் அல்ல. ஆகவே என்ன மருந்து என்று தெரியாமல் மருத்துவர் அறிகுறிகளை மட்டும் நம்பி இயங்கும்படி விடக்கூடாது. விழுந்தவரின் நனைந்த துணிகளை உடனே களைந்து, சோப்புப் போட்டுக் கழுவி, அவரோடு அந்தப் பாட்டிலையும், குறைந்தபட்சம் அதன் லேபிளின் படத்தையும், ஜீப்பிலேயே அனுப்பும் பொறுப்பைத் தோட்டத்துச் சூப்பர்வைசர்கள் ஏற்க வேண்டும். கழுவுபவர் கையுறை அணிந்துகொள்வது நல்லது.

குமுளியிலும் நெடுங்கண்டத்திலும் முதலில் பார்க்கும் மருத்துவமனைகளில் அட்ரோபின் போதிய அளவு இருக்கிறதா என்று கேரள, தமிழக சுகாதாரத் துறைகள் இரண்டும் மருந்தடிப்புக் காலத்துக்கு முன்பே பார்த்துவைக்க வேண்டும். தங்கள் நாளிதழும் இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, தெளிக்கப்பட்ட மருந்தின் பெயரையும், முதல் ஊசி எந்த இடத்தில் எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்பதையும் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
கம்பம், தேனி மாவட்டம்.