எக்ஸ்ரே மட்டும் காணாது

ஆசிரியருக்கு,

எங்கட பெரியப்பா 30 வருசத்துக்கு மேல நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் பத்தினவர், இருமல் வந்தா பாணி மருந்து குடிச்சிட்டு விட்டிடுவார், சளியில ரத்தம் கண்ட பிறகுதான் ஸ்கேன் எடுத்தம், அப்ப நுரையீரல் புற்றுநோய் ஈரல் வரைக்கும் பரவிட்டுது. நுரையீரல்ல கட்டி சின்னனா இருக்கேக்க பெரும்பாலும் ஒரு நோவும் தெரியாது. அமெரிக்காவில 53,000க்கு மேற்பட்ட, கனக்க பத்தின ஆக்கள வச்சு செய்து 2011ல வெளிவந்த ஆய்வில, எக்ஸ்ரே எடுத்தவைய விட குறைஞ்ச கதிர் சிடி ஸ்கேன் எடுத்தவையில நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 வீதம் குறைவு. எல்லாரும் ஓடத் தேவையில்ல, ஆபத்தில்லாத புள்ளியும் ஸ்கேன்ல தெரிஞ்சு பயமுறுத்தும். ஆனா 50 வயசு தாண்டின, பெரியப்பா மாதிரி பத்தினவைக்கு எங்கட அரசாங்க ஆஸ்பத்திரிகளில இத இலவசமா செய்து குடுக்கவேணும், தயவுசெய்து இதப்பத்தி எழுதுங்கோ.

வாசகி, வெள்ளவத்தை, கொழும்பு 06