செத்த மாட்டுக்குக் காசு, காய்ந்த புல்லுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாடு வாங்கக் கடன் எடுத்தவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். காதில் நம்பர் குத்தி, போட்டோ பிடித்து, காப்புறுதியையும் சேர்த்தே போட்டுவிடுவார்கள். மாடு செத்தால் கால்நடை வைத்தியரின் சான்றிதழோடு போய்க் காசு வாங்கலாம். சரி, நல்லதுதான். ஆனால் தை, மாசி வரட்சியில் இங்கே மலையகத்தில் மாடு சாவது அபூர்வம், காய்வது புல். மாடு உயிரோடுதான் நிற்கும், மடிதான் வற்றும். அந்த நட்டத்துக்கு யாரிடம் போவது?

400 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்கு 40 கிலோவாவது பச்சைப் புல் வேண்டும். மழை நாளில் ஓடைக்கரையில் ஒரு கட்டு, ரோட்டோரத்தில் ஒரு கட்டு என்று அறுத்துவிடலாம். மாசியில் அதே கட்டுக்கு மலை இறங்கிப் போய், பக்கத்துத் தோட்டத்து வாட்ச்சரிடம் ஏச்சும் வாங்கி வர வேண்டும். கிடைக்காத நாளில் கரட் இலை, கோவா இலை, அதுவும் இல்லாவிட்டால் கடனுக்குப் புண்ணாக்கு. பால் குறைவது போதாதென்று கொழுப்பும் திண்மமும் இறங்கி லீட்டர் விலையும் இறங்கும். எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கிற அக்கா ஒருவர் போன வரட்சியில் ஐந்து மாதச் சினைப் பசுவை அரை விலைக்குத் தள்ளிவிட்டார். மழை வந்து புல் எழும்பியபோது கட்ட மாடு இல்லை.

அமெரிக்காவில் மேய்ச்சல் நிலத்துக்கும் தீவனப் புல்லுக்கும் என்றே ஒரு காப்புறுதி 2007 முதல் நடக்கிறது. அதில் யாரும் வந்து புல்லைப் பார்ப்பதில்லை, மழையை மட்டும் பார்க்கிறார்கள். வருடத்தை இரண்டிரண்டு மாதமாகப் பிரித்து, நமக்கு எந்த மாதங்களில் மழை முக்கியமோ அவற்றை முன்கூட்டியே தெரிவு செய்துவிட வேண்டும். பல வருடச் சராசரியில் 90 வீதத்துக்கு என்று எடுத்தவருக்கு அந்த இரண்டு மாதத்தில் 60 வீத மழைதான் பெய்தது என்றால், 90இல் 30 குறைந்ததால் அந்தக் காலத்துக்கான காப்புறுதித் தொகையில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும். பிரிமியத்தில் பாதிக்கு மேல் அரசாங்கம் போடுகிறது. படிவம் நிரப்பி, படம் எடுத்து, ஒப்பத்துக்கு அலையும் வேலை இல்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

ஆனால் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைத்தால் கதை கெட்டுவிடும். அங்கே நாட்டைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துத்தான் மழையைக் கணக்கெடுக்கிறார்கள், ஒரு கட்டத்தின் ஒரு பக்கம் சுமார் 17 மைல். சமவெளிக்கு அது சரி. இங்கே அந்த அளவில் ஒரு கட்டம் போட்டால் நுவரெலியாவும் வெலிமடையும் ஒன்றாக விழக்கூடும். ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் கம்பளியைக் கழற்ற முடியாத மழை, மலைக்கு அந்தப் பக்கம் வெலிமடை இருக்கிற ஊவாவில் காற்றும் வரட்சியும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் வெலிமடைக்காரருக்கு ஒரு சதமும் கிடைக்காது.

ஆகவே மழைமானி ஊருக்குள் இருக்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் காலங்காலமாக மழைக் கணக்கு எழுதுகிறார்கள், பழைய சராசரிக்கு அந்தப் புத்தகங்கள் உதவும். (கணக்கு எழுதுகிறவர் வீட்டிலும் மாடு இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.) அதற்கும் வழி இருக்கிறது. மண்சரிவு எச்சரிக்கைக்காகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலையகத்தில் தானியங்கி மழைமானிகள் வைத்திருக்கிறது. மழை கூடினால் சொல்கிற மானி, குறைந்தால் மட்டும் சொல்லாதா என்ன?

இன்னொன்று, காணி. அமெரிக்காவில் கணக்கு ஏக்கரில். நம் ஆட்களில் பெரும்பாலானோருக்குப் புல்லுக்கென்று உறுதி எழுதிய காணி ஏது? லயத்துக்குப் பக்கத்தில் நட்ட நாலு வரிசை சி.ஓ.3 என்ற தீவனப் புல்லும் தோட்டத்துக் காணியில்தான் நிற்கிறது. காணி உறுதி கேட்டால் அந்த இடத்திலேயே நாங்கள் வெளியே. கென்யாவில் மார்சபிட் பக்கம் 2010இல் தொடங்கிய திட்டத்தில் காணியை விட்டு மாட்டை எண்ணினார்கள். ஒரு மாடு ஒரு அலகு, ஒரு ஆடு அதில் பத்தில் ஒன்று. செய்மதிப் படத்தில் பச்சை குறைந்தால் காசு. செய்மதி நமக்குச் சரிவராது, வரட்சியிலும் தேயிலை பச்சையாய்த்தான் தெரியும். மாட்டை எண்ணும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மழைக் காப்புறுதி பனிக்கு உதவாது என்பதையும் ஆரம்பத்திலேயே ஆட்களுக்குச் சொல்லிவிட வேண்டும். தையில் உறைபனி விழுந்து புல் கருகினாலும் மழைமானிக்கு அது தெரியாது. சொல்லாமல் விட்டால் முதல் வருடமே சண்டைதான் வரும்.

நெல்லுக்கும் உருளைக்கிழங்குக்கும் பயிர்க் காப்புறுதி இருக்கிறபோது புல்லை ஏன் பயிராக நினைப்பதில்லை என்று எனக்கு விளங்கவில்லை. முதலில் ஒரு பிரதேச செயலகப் பிரிவில், தை, மாசிக்கு மட்டும் செய்து பார்க்கட்டும். யாரிடம் எத்தனை மாடு, எத்தனை லீட்டர் என்ற கணக்கு பால் சேகரிக்கும் இடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பிரிமியத்தை ஐப்பசி, கார்த்திகைப் பால் காசில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தால் யாருக்கும் பாரமாக இருக்காது. மொத்தமாகக் கட்டச் சொன்னால் மட்டும் ஒருவரும் சேர மாட்டார்கள்.

இப்படிக்கு,
பால் ஊற்றும் வாசகர் ஒருவர்,
அக்கரப்பத்தனை.