பைக் சீட் மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து பைக்கிலேயே கன்னியாகுமரி, ஹம்பி, லடாக் என்று கிளம்புகிறவர்களைப் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி படிக்கிறோம். எந்த வண்டி, என்ன மைலேஜ், எங்கே தங்கலாம் என்பதெல்லாம் விரிவாக வருகிறது. நாள் முழுக்க உட்கார்ந்து போகிற சீட்டைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட வருவதில்லை. முந்நூறு கிலோமீட்டர் ஓட்டி இறங்கியதும் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், நிற்கவே சிரமப்படுகிறவர்கள் நெடும்பயணம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. பெரும்பாலும் அது நம் ஊர்ப் பட்டறையிலேயே ஒரு நாளில் சரிசெய்துவிடக்கூடிய கோளாறு.

உட்காரும்போது இடுப்பெலும்பின் அடியில் இருக்கிற இரண்டு முட்டுகள்தான் மேலுடம்பின் எடையைத் தாங்குகின்றன. சீட் ரொம்பவும் மெத்தென்று இருந்தால் அந்த முட்டுகள் ஃபோமை அமுக்கிக்கொண்டு அடியில் உள்ள பிளாஸ்டிக் பேஸ் வரை இறங்கிவிடும். சுற்றியிருக்கும் ஃபோமோ தொடையையும் கவட்டையையும் மேல்நோக்கி நெருக்கும். ரத்த ஓட்டம் குறைந்து மரத்துப்போவது இப்படித்தான். கடையில் விரலால் அழுத்திப் பார்த்தாலோ பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தாலோ இது தெரியாது. அவினாசியில் ஏறியவருக்குப் பெருந்துறை தாண்டித்தான் தெரியும். எடை ஒரே இடத்தில் குவியாமல் பரவ வேண்டும். அதற்குக் கொஞ்சம் கெட்டியான ஃபோமும் சரியான வடிவமும் தேவை.

சீட்டில் கை வைக்கும் முன் காசு செலவில்லாத இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, பின் ஷாக் அப்சார்பர். ஆளை ஏற்றிக்கொண்டு போவதற்காக அதன் ஸ்பிரிங் விறைப்பை மேல் படிக்கு வைத்ததை அப்படியே விட்டுவிட்டுத் தனியாக ஓட்டுகிறவர்கள் ஏராளம். ஒவ்வொரு குழியும் நேராக முதுகுத்தண்டில் வந்து இடிக்கும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது பின் அச்சிலிருந்து நேர் மேலே ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். ஸ்டாண்டை எடுத்து, ஓட்டுபவர் உட்கார்ந்தபின் மறுபடி அளந்து பாருங்கள். பின்சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்த தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இறங்கியிருந்தால் சரி. பின்னால் ஆளோ சுமையோ ஏறும்போது ஒரு படி கூட்டி, இறங்கியதும் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, டயர் காற்று. செயின் கார்டிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் அளவைவிட ஐந்து பவுண்டு கூட இருந்தாலே சாலையின் சொரசொரப்பு முழுவதும் சீட்டுக்கு வந்துவிடும்.

அடுத்தது சரிவு. வண்டிகள் பலவற்றில் சீட் டேங்க் பக்கம் சரிந்திருக்கும். ஓட்டுபவர் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வழுக்குவார். கையை ஊன்றித் தன்னைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருப்பார். மணிக்கட்டும் தோளும் வலிக்கிறதென்று ஹேண்டில்பாரை மாற்றுகிறவர்களில் பலருக்கு உண்மையான காரணம் இந்தச் சரிவுதான். கொத்தனார் வைக்கும் ரசமட்டம் ஒன்றைச் சீட்டின் மேல் வைத்தால் தெரிந்துவிடும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பார்க்கக் கூடாது. ஸ்டாண்ட் பின்சக்கரத்தைத் தூக்கிவிடுவதால் அளவு பொய்யாகும். இரண்டு டயரும் தரையில் இருக்க, ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடிக்க, ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்து ஷாக் இறங்கியபின் அவருக்கு முன்னால் தெரியும் சீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். உட்காரும் இடம் மட்டமாகவோ, முன்பக்கம் இரண்டு நூல் (கால் அங்குலம்) உயர்ந்தோ இருப்பது நல்லது. அதற்கு மேல் உயர்ந்தால் கவட்டையை அழுத்தும்.

இனி அகலம். கெட்டியான பெஞ்சின் மேல் அட்டைப்பெட்டியின் நெளிவுள்ள அட்டையைப் போட்டு, பாதங்களைச் சின்ன மணைப்பலகை ஒன்றின் மேல் உயர்த்தி வைத்து, ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் அட்டையில் இரண்டு பள்ளங்கள் விழுந்திருக்கும். நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பத்து முதல் பதினான்கு சென்டிமீட்டர் வரும். பெண்களுக்குப் பொதுவாகக் கொஞ்சம் கூடுதல். இந்த இரண்டு புள்ளிகளும் சீட்டின் கெட்டியான, தட்டையான பகுதியில் விழ வேண்டும். அந்த இடத்தில் தையலோ, தையலோடு வைக்கும் கயிறு போன்ற பீடிங்கோ வரவே கூடாது. உட்காரும் இடத்தில் பத்து முதல் பன்னிரண்டு அங்குல அகலம் இருந்தால் நெடுந்தூரத்துக்குப் போதும். முன்பக்கத்தை அகலப்படுத்த ஆசைப்படாதீர்கள். தொடை விரிந்துபோய், சிக்னலில் கால் தரைக்கு எட்டாது. பழைய சீட்டின் மேலேயே இன்னொரு ஃபோம் வைத்துத் தைக்கச் சொல்வதிலும் இதே தொல்லை இருக்கிறது. ஓர் அங்குலம் உயர்ந்தாலும் உயரம் குறைந்தவர்கள் நுனிக்காலில்தான் நிற்க வேண்டிவரும்.

ஆகவே கூட்டுவதைவிட வெட்டி மாற்றுவதுதான் முறை. ஸ்க்ரூடிரைவரும் நோஸ் பிளையரும் வைத்துப் பழைய ஸ்டேப்ளர் பின்களைக் கழற்றி, கவரைக் கிழிக்காமல் எடுத்துவிடுங்கள். புதுக் கவர் வெட்ட அதுதான் அளவு. எலும்பு முட்டும் இடத்தை மார்க்கரால் குறித்து, அங்கே ஃபோமை ஹேக்ஸா பிளேடால் நாற்பது மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி எடுக்கலாம். வெட்டிய இடத்துக்குக் கீழே பழைய ஃபோம் குறைந்தது இருபது மில்லிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். பள்ளத்தில் முதலில் இருபத்தைந்து மில்லிமீட்டர் ரீபாண்டட் ஃபோம். பல நிறத் துண்டுகளைச் சேர்த்து அழுத்திச் செய்த இதை மெத்தைக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். எண்பது முதல் நூறு டென்சிட்டி வரை இருக்கட்டும். அதன் மேல் பதினைந்து மில்லிமீட்டர் நாற்பது டென்சிட்டி சாதா ஃபோம். அடியில் கெட்டி எடையைத் தாங்கும், மேலே இருக்கும் மென்மை உடம்போடு படியும். தொண்ணூறு கிலோ எடை உள்ளவருக்கு அடியில் நூறு டென்சிட்டிதான் சரி. அறுபது கிலோக்காரருக்கு அதே ஃபோம் பலகை மாதிரித் தெரியும்.

டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை. அது கெட்டித்தன்மையின் அளவு அல்ல. நாற்பது டென்சிட்டியிலேயே மென்மையானதும் உண்டு, கெட்டியானதும் உண்டு. எண்ணை மட்டும் சொல்லி வாங்காமல், துண்டைத் தரையில் போட்டு ஒரு முழங்காலை ஊன்றிப் பாருங்கள். தரை தட்டுப்பட்டால் அந்த ஃபோம் வேண்டாம். சீட் முடிந்தபின்னும் இதே சோதனைதான்: முழங்காலுக்கு பேஸ் தட்டுப்படக் கூடாது.

ஒட்டுவதற்கு எஸ்.ஆர். 998 போன்ற ரப்பர் பசை போதும். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். அவசரப்பட்டு ஈரத்திலேயே ஒட்டினால் உரியும். தடியாகப் பூசினால் காய்ந்து ஓடு மாதிரியாகி, உட்காரும்போது உறுத்தும். விளிம்புகளைக் கிரைண்டரில் நாற்பது நம்பர் உப்புத்தாள் வட்டு மாட்டி இழைக்கலாம். மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். பசை ஆறும் இடத்தில் நெருப்போ பீடியோ கூடாது. வால் எலும்பு வலி உள்ளவர்களுக்கு நடுவில் பின்பக்கமாக இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் விட்டால் நல்ல பலன் தெரியும்.

நல்ல ஃபோம் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் கவரில்தான். ஃபோம் நிரப்பியபின் உட்காரும் இடத்தை உடம்புக்கு ஏற்றபடி லேசான பள்ளமாக அழகாக இழைத்திருப்பார்கள். அதன் மேல் ரெக்சினைப் பறையில் தோல் கட்டுவதுபோல் விறைப்பாக இழுத்துப் பின் அடித்துவிடுவார்கள். பள்ளம் அடியில் இருக்கும், ஆள் மேலே துணியில் தொங்குவார். பள்ளத்தின் ஓரத்தை ஒட்டி ஒரு தையல் விட்டுக் கவரை வடிவத்துக்கே வெட்டித் தைக்க வேண்டும், அல்லது பள்ளத்தில் பசை போட்டுக் கவரை அங்கே படியவைக்க வேண்டும். பின் அடிக்கும்போது முதலில் மூக்கு, பிறகு வால், அதன்பின் இரு பக்கமும் நடுவிலிருந்து ஓரத்துக்கு. ஆறு மில்லிமீட்டர் துருப்பிடிக்காத பின் போதும். பெரிய பின் பேஸைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும். தையல் ஓட்டைகளின் வழியே மழைநீர் இறங்கும் என்பதால் ஃபோமுக்கும் கவருக்கும் நடுவில் மெல்லிய பாலித்தீன் தாள் ஒன்று வேண்டும். நனைந்த ஃபோமை வெயிலில் காயவைக்காதீர்கள். மஞ்சளாகி உதிர ஆரம்பித்துவிடும். நிழலில், காற்றில் காயட்டும். அப்படியே பேஸின் அடியில் உள்ள ரப்பர் புஷ்கள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். ஒன்று விழுந்திருந்தாலும் பேஸ் அதிர்ந்து விரிசல் விடும்.

ஃபோம் நிரப்பியபின் மேலே விடும் இந்தப் பள்ளம் ஆழமாக இருந்தால் நல்லது என்று நினைப்பதும் தவறு. பதினைந்து முதல் இருபது மில்லிமீட்டர் போதும். கிண்ணம் மாதிரி ஆழமாகிவிட்டால் உடம்பு ஒரே நிலையில் மாட்டிக்கொள்ளும். சேலம் நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போது சுகமாகத்தான் இருக்கும். வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் எழுபதிலோ உடம்பை இப்படி அப்படி நகர்த்த முடியாமல் அவதிப்படுவீர்கள். அவ்வப்போது நகர்ந்து உட்கார இடம் இருப்பதே மரத்துப்போகாமல் காக்கும்.

ஜெல் பேடும் காற்றுக் குஷனும் இப்போது நிறைய விற்கின்றன. ஜெல்லால் தனியாக எடையைப் பரப்ப முடியாது. அதன் அடியில் நல்ல ஃபோம் வேண்டும். ஃபோமில் அதே அளவுக்குக் குழி வெட்டி மட்டமாகப் பதிக்காமல் மேலே வைத்தால் அதன் விளிம்பே உறுத்தும். வெயிலில் நிறுத்திய வண்டியில் ஜெல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரூர் பரமத்தி வெயில் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கத்துக்கு ஜெல்லைவிடக் காற்றோட்டமுள்ள மெஷ் கவர் எவ்வளவோ மேல். ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு உடம்பைத் தூக்கி நிறுத்துவதால் வியர்வை காயும்.

காற்றுக் குஷனில் எல்லோரும் செய்யும் தவறு, நிறைய ஊதுவது. முழுக்க ஊதி, ஏறி உட்கார்ந்து, எலும்பு சீட்டைத் தொடுவதற்கு அரை அங்குலம் இருக்கும்வரை காற்றை இறக்க வேண்டும். கெட்டியாக ஊதினால் வளைவில் ஆள் தள்ளாடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறும்போது காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதனால் கீழே சரியாக இருந்த குஷன் மேலே உப்பிக்கொள்ளும். கோத்தகிரியிலோ குன்னூரிலோ நிறுத்தி ஒரு மூச்சுக் காற்றை விட்டுவிட வேண்டும், இறங்கியபின் நிரப்பிக்கொள்ள வேண்டும். துண்டையோ ஜமக்காளத்தையோ மடித்துப் போட்டு உட்காருவது மட்டும் வேண்டவே வேண்டாம். மடிப்பு நகர்ந்து எலும்பின் அடியிலேயே வந்து நிற்கும், பிரேக் அடிக்கும்போது ஆளையும் சேர்த்து வழுக்கும்.

உள்ளாடையைப் பற்றித் திருப்பூர்க்காரர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை என்றாலும் ஒரு வார்த்தை. ஓவர்லாக் தையல் மேடாக நிற்கும். நான்கு மணி நேரம் அதன் மேல் உட்கார்ந்தால் தோல் உரியும். தட்டையாகப் படியும் பிளாட்லாக் தையல் போட்ட, தொடைவரை நீண்ட, வியர்வையைச் சீக்கிரம் காயவிடும் பின்னல் துணிதான் ஏற்றது. பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜீன்ஸின் குறுக்குத் தையல் இன்னும் மோசம்.

பின்னால் உட்காருகிறவரை யாரும் நினைப்பதே இல்லை. ஓட்டுபவர் இரு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிறார். பின்னால் இருப்பவர் பின் அச்சுக்கு மேலேயே இருப்பதால் குழியின் இடி முழுசாக அவருக்குத்தான். ஃபோம் கனம் அங்கேதான் கூடுதலாக வேண்டும். கம்பெனி சீட்டில் பெரும்பாலும் அங்கேதான் குறைவாக இருக்கிறது. சேலையில் ஒருபக்கமாக உட்காரும்போது எடை சமமாகப் பரவாது, முதுகும் திருகும். நெடுந்தூரத்துக்குச் சுடிதார் போட்டு இருபக்கமும் கால் போட்டு உட்காருவதே உடம்புக்கும் நல்லது, பாதுகாப்பும்கூட. சீட்டை மாற்றும்போது கைப்பிடியையும் கால்வைப்பையும் எடுத்துவிடக் கூடாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, பின்னால் வருபவர் உறுதியாகப் பொருத்திய முறையான சீட்டில் உட்கார வேண்டும் என்கிறது. 1989 மத்திய விதிகளின் 123ஆம் விதி கைப்பிடி, கால்வைப்பு, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகியவற்றைக் கேட்கிறது.

எவ்வளவு நல்ல சீட்டானாலும் மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் இறங்கி நடக்க வேண்டும். இறங்கிய பிறகும் மரப்பு வெகுநேரம் போகாவிட்டால் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

கரூரில் பஸ் பாடிக்குச் சீட் தைக்கும் கைகள் இருக்கின்றன. திருப்பூரில் துணி இருக்கிறது. கோவையில் எந்த அச்சும் செய்து தரும் பட்டறைகள் இருக்கின்றன. இவ்வளவும் கையெட்டும் தூரத்தில் இருந்தும், எல்லோருக்கும் ஒரே அளவாக வரும் ரெடிமேட் கவரைத்தான் வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறோம். சீட் தைக்கும் தொழிலாளர்களுக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள்: ஃபோம் வேலை முடிந்ததும் உடனே கவர் போட்டு முடித்துவிடாதீர்கள். பழைய கவரையே மேலே இழுத்து நாலைந்து பின் மட்டும் அடித்து, வாடிக்கையாளரை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். எங்கே அழுத்துகிறது என்று அவர் விரல் வைத்துக் காட்டுவார். அந்த இடத்தை இழைத்துக் கொடுத்தபின் புதுக் கவரை வெட்டுங்கள்.

இப்படிக்கு,
சீட் தைக்கும் தொழிலில் உள்ள வாசகர்கள்,
ஈரோடு.