ஃபைலின் தேதியைச் சாட்சியாக எடுக்காதீர்கள்

சமரசக் குழுவில் உட்காரும் பெரியவர்களுக்கு, வணக்கமுங்க.

திருப்பூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் நான். போன மாதம் எங்கள் முதலாளியுடன் உங்கள் முன்னால் வந்து நின்றேன். ஒரு டி-சர்ட் டிசைனை யார் முதலில் வரைந்தது என்பது தகராறு. இரண்டு தரப்பு ஃபைலிலும் மாற்றிய தேதி என்னவென்று பார்த்தீர்கள். எதிர்த்தரப்பில் ஜனவரி, எங்களிடம் மார்ச். "அப்புறம் என்னங்க, தேதியே சொல்லுதே" என்றார் ஒரு பெரியவர். பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

எங்கள் பழைய ஹார்ட் டிஸ்க் போகிற நிலைக்கு வந்ததால், மார்ச்சில் எல்லா டிசைன்களையும் புது டிஸ்க்குக்கு மாற்றினேன். எங்கள் சர்வரில் ஓடுவது லினக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதில் சும்மா காப்பி செய்தால், காப்பி செய்த நேரமே புது ஃபைலின் தேதியாக விழும். பழைய தேதியும் கூடவே வர வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. ஜனவரியில் எங்கள் பையன் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து வரைந்த டிசைன் அப்படித்தான் மார்ச் மாதத்து டிசைன் ஆனது.

வீட்டுக்கு வந்து ஒன்று செய்து பார்த்தேன். புதிதாக ஒரு ஃபைல் திறந்து, டச் என்ற கட்டளையில் 1947 ஆகஸ்ட் 15 என்று தேதி கொடுத்தேன். ஒரு கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. பட்டியலில் அந்த ஃபைல் 1947-இல் மாற்றப்பட்டதாகவே நிற்கிறது.

இதற்குப் பின்னால் இருப்பது யூடைமென்ஸ்அட் என்ற சிஸ்டம் கால், அதாவது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் ஒரு புரோகிராம் வேலை கேட்கும் வழி. 2007-இல் வந்த 2.6.22 கெர்னலில் சேர்ந்தது. அதற்கு முன்பும் இதே வேலையைச் செய்ய யூடைம் இருந்தது. கடைசியாகப் படித்த நேரம், கடைசியாக மாற்றிய நேரம் என்று இரண்டை யூடைமென்ஸ்அட்டிடம் கொடுத்தால், நானோ செகண்ட் வரை அப்படியே எழுதிவிடும். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை விட்டுவிடவும் சொல்லலாம். ஃபைலின் சொந்தக்காரராக இருந்தால் போதும், அல்லது ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கு. இது திருட்டு வழி இல்லைங்க. பேக்கப்பிலிருந்து ஃபைலை மீட்கும்போது பழைய தேதியைத் திரும்பப் போட இந்த வசதி வேண்டும். விண்டோஸில் உருவான நேரத்தையும் சேர்த்தே மாற்றலாம். எதிர்த்தரப்பு மாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. மாற்றினாரா இல்லையா என்பதை அந்தத் தேதியைப் பார்த்துச் சொல்ல முடியாது என்கிறேன். டையிங்கிலிருந்து (சாயப்பட்டறை) வரும் துணி ரோலில் ஒட்டிய சீட்டு போலத்தான் அது. ரோல் யார் கையில் இருக்கிறதோ அவர் கிழித்து வேறு ஒட்டலாம்.

லினக்ஸில் மூன்றாவதாக ஒரு நேரம் உண்டு, சிடைம். யூடைமென்ஸ்அட்டில் இதைக் கொடுக்க இடமே கிடையாது. தேதியை மாற்றிய அந்த நொடியைக் கெர்னலே இதில் குறித்துவிடும். என் 1947 ஃபைலை ஸ்டாட் கட்டளையில் பார்த்தால், இந்த வரியில் மட்டும் இன்றைய தேதி இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டரின் கடிகாரத்தையே பின்னால் தள்ளிவைத்தால் இதுவும் ஏமாறும். அதனால் இதையும் முழுச் சாட்சியாக எடுக்க வேண்டாம்.

படித்த நேரத்தை நம்பி "அன்றைக்குத் திறந்தீர்களா" என்று கேட்பதும் பயன்படாது. 2009-லிருந்து லினக்ஸ் வழக்கமாக ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அதைக் குறிப்பதில்லை.

சரி, எதைத்தான் பார்ப்பது? அடுத்தவர் கையில் இருக்கும் பதிவைப் பாருங்கள். ஜனவரியில் பையரின் (துணி வாங்கும் கம்பெனி) மெர்ச்சண்டைசருக்கு நாங்கள் அனுப்பிய மெயில் அவருடைய மெயில் பாக்ஸில் இன்னும் இருக்கிறது. வந்து சேர்ந்த நேரத்தை அதில் போட்டது அவர்களுடைய சர்வர். நாங்கள் இங்கிருந்து அதைத் தொட முடியாது. அந்த மெயிலைக் கேட்டு வாங்கி எங்கள் வழக்கை இன்னொரு முறை விசாரிக்க வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

இனி வரும் ஆர்டர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டம், மின்னணுப் பதிவுக்குத் தரும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. ஹாஷ் என்பது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம்; SHA-256 முறையில் அது 64 எழுத்து. ஃபைலின் தேதியை மாற்றினால் ஹாஷ் மாறாது. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும். சாம்பிள் ஓகே ஆகும் நாளில் அந்த 64 எழுத்தை ஜாப் ஒர்க் சீட்டில் எழுதி, இரு தரப்பும் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று குழு ஒரு வழக்கம் ஏற்படுத்தலாம்.

எந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் லேப்டாப்போடு வருகிறேனுங்க. நீங்களே உங்கள் கையால் ஒரு ஃபைலின் தேதியை மாற்றிப் பாருங்கள்.